முற்றம், மாடி கழுவ நாமே கட்டும் தண்ணீர் அமைப்பு: ஒரு டிரம், ஒரு சின்ன பம்ப், துளையிட்ட ஒரு குழாய்

ஹோஸ் பைப்பால் தரை கழுவுகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் கட்டைவிரல் தானாகக் குழாய் வாய்க்குப் போய்விடும். வாய் அகலமாக இருக்கும்வரை தண்ணீர் நிறைய வரும், அழுக்கு அசையாது. விரலால் குறுக்கியதும் வரும் தண்ணீர் குறையும், ஆனால் மண் கிளம்பி ஓடும். தரையைச் சுத்தம் செய்வது தண்ணீரின் அளவு அல்ல, அது தரையில் வந்து மோதும் வேகம்தான். இங்கே கட்டப்போகும் அமைப்பு முழுக்க இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது.

கட்டுவதற்கு முன்னால், இப்போது எவ்வளவு தண்ணீர் போகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். 10 லிட்டர் வாளி ஒன்றை வைத்து, வழக்கமாகத் திறக்கும் அளவுக்கே குழாயைத் திறந்து, வாளி நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணுங்கள். 40 வினாடி என்றால் நிமிடத்துக்கு 15 லிட்டர். அரை மணி நேரம் கழுவினால் 450 லிட்டர் போயாயிற்று. அதே வேலையை நிமிடத்துக்கு 5 லிட்டரில் முடிக்கலாம். அதுவும் குடிநீரைத் தொடாமல், கூரையில் விழும் மழைநீரை வைத்தே முடிக்கலாம்.

அமைப்பு இதுதான்: கூரைத் தண்ணீர் 200 லிட்டர் டிரம்மில் சேரும். டிரம்மிலிருந்து ஒரு வடிகட்டி வழியாக 12 வோல்ட் பம்புக்குப் போகும். பம்பிலிருந்து ஹோஸ் பைப் வழியாக, கைப்பிடி வைத்த, துளையிட்ட ஒரு பி.வி.சி. குழாய்க்கு வரும். அந்தக் குழாயைத் துடைப்பம் போலத் தரையில் தள்ளிக்கொண்டே போகலாம்.

கணக்கு: ஏன் உயரம் மட்டும் போதாது

டிரம்மை உயரத்தில் வைத்தால் பம்பே வேண்டாமே என்று பலருக்கும் தோன்றும். 10 மீட்டர் உயரத் தண்ணீர்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். டிரம்மை ஒரு மீட்டர் மேடையில் ஏற்றினால் கிடைப்பது 0.1 பார். அந்த அழுத்தத்தில் தண்ணீர் வினாடிக்கு நாலரை மீட்டர் வேகத்தைக்கூடத் தொடாது. செடிக்கு ஊற்ற அது தாராளம், காய்ந்து ஒட்டிய மண்ணைக் கிளப்ப முடியாது. இரண்டாள் உயரத்துக்கு மேடை கட்டினாலும் நிலைமை பெரிதாக மாறாது, டிரம் சாயும் ஆபத்துதான் கூடும்.

3 பார் அழுத்தம் தரும் ஒரு சின்ன பம்ப் இருந்தால் அதே தண்ணீர் வினாடிக்கு 24 மீட்டர் வேகத்தில் வெளியேறும். அந்த அழுத்தத்தில் 1 மி.மீ. துளை ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 0.7 லிட்டர் விடும். ஆக, நிமிடத்துக்கு 5 லிட்டர் தள்ளும் பம்புக்கு ஏழு துளைகள்.

இந்த ஏழு என்ற எண்ணை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னும் நாலு துளை போட்டால் இன்னும் நன்றாகக் கழுவுமே என்று கை பரபரக்கும். பம்ப் தரும் தண்ணீர் ஏறக்குறைய அதே அளவுதான். துளைகளை இரட்டிப்பாக்கினால் ஒவ்வொன்றிலும் ஓட்டம் பாதியாகும், அழுத்தமோ கால்வாசிக்கு இறங்கிவிடும். துளையின் அகலமும் அப்படித்தான். 1 மி.மீ. பிட்டுக்குப் பதில் 1.5 மி.மீ. பிட்டை எடுத்துத் துளைத்தால் பரப்பு இரண்டேகால் மடங்காகிறது, அழுத்தம் ஐந்தில் ஒன்றாகிறது. வீட்டில் செய்த இந்த மாதிரி அமைப்புகள் பெரும்பாலும் இங்கேதான் சொதப்புகின்றன, பழி மட்டும் பம்பின் மேல் விழுகிறது.

வேண்டிய பொருட்கள்

மூடியுள்ள 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று. உணவுப் பொருள் வைத்திருந்த டிரம்மாக இருக்க வேண்டும். பூச்சிமருந்து, ரசாயனம், எஞ்சின் ஆயில் இருந்த டிரம் எத்தனை தடவை கழுவியிருந்தாலும் வேண்டாம். பிளாஸ்டிக் அவற்றை உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். நாம் அதே தண்ணீரைக் காலடியிலும் செடிகளின் ஓரத்திலும் பீய்ச்சப்போகிறோம். நிறம் நீலமோ கறுப்போ ஆகட்டும். வெள்ளை டிரம்மில் வெளிச்சம் உள்ளே புகுந்து பாசி பிடிக்கும்.

12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப் (ரப்பர் சவ்வு அசைந்து தண்ணீரைத் தள்ளும் வகை) ஒன்று, அழுத்தம் ஏறியதும் பம்பைத் தானாக நிறுத்தும் பிரஷர் சுவிட்ச் உள்ளேயே இருப்பதாக. லேபிளில் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் என்றும், பம்ப் தானாக நிற்கும் அழுத்தம் 4 முதல் 5 பார் (60, 70 பி.எஸ்.ஐ.) என்றும் இருந்தால் சரி. லேபிளில் போட்டிருக்கும் ஓட்டம் அழுத்தமே இல்லாதபோது கிடைப்பது. வேலை செய்யும்போது குறையும், அதனால்தான் 5 லிட்டர் தேவைக்குக் கொஞ்சம் பெரிதாக வாங்கச் சொல்கிறேன். மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற 12 வோல்ட் பேட்டரியை விட, அலாரத்துக்கும் யு.பி.எஸ்.ஸுக்கும் வரும் 7 ஆம்பியர்-மணி சீல்டு பேட்டரி இதற்கு நல்லது. சாய்ந்தாலும் அமிலம் சிந்தாது.

மற்றபடி: டேங்க் நிப்பிள் (டிரம் சுவரில் குழாய் மாட்ட உதவும் மரையுள்ள இணைப்பு) மூன்று, பால் வால்வு மூன்று, பம்புக்கு முன்னால் வைக்கும் கண்ணாடி மூடி வடிகட்டி (50 மெஷ், அதாவது அங்குலத்துக்கு 50 கண் உள்ள சல்லடை), நூல் பின்னிய ஹோஸ் பைப் தேவையான நீளம், 25 மி.மீ. பி.வி.சி. குழாய் இரண்டு மீட்டர், ஒரு டீ (T வடிவ இணைப்பு), இரண்டு எண்ட் கேப், ஹோஸ் மாட்டும் ஒரு நிப்பிள், ஸ்டீல் கிளாம்ப்கள், பி.வி.சி. பசை, டெஃப்லான் டேப், 10 ஆம்பியர் ஃபியூஸ், சுவிட்ச், 2.5 சதுர மி.மீ. ஒயர், கொசுவலை. கருவி என்று பார்த்தால் டிரில்லிங் மெஷின், 1 மி.மீ. பிட், டிரம்மில் வட்டத் துளை போடும் ரம்பம் (ஹோல் சா), ஹேக்ஸா பிளேடு, உப்புத்தாள், ரசமட்டம். 1 மி.மீ. பிட் எளிதில் ஒடியும், இரண்டு மூன்றாக வாங்கிக்கொள்ளுங்கள்.

1. டிரம்முக்கு மேடை

நிறைந்த டிரம் 200 கிலோவுக்கு மேல் இருக்கும். ஈரமான மண்ணில் ஒரு பக்கம் அமுங்கினால் அப்படியே சாயும், பக்கத்தில் குழந்தை விளையாடிக்கொண்டிருந்தால் என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால் இடத்தை முதலில் அடித்து இறுக்கி, சமமாக்கி, கான்கிரீட் பிளாக் இரண்டு வரிசை அடுக்கி, மேலே ஒரு கனமான பலகையோ கல்லோ போட்டு, ரசமட்டம் வைத்துப் பாருங்கள். 40 செ.மீ. உயரம் போதும். அழுத்தத்தை பம்ப் பார்த்துக்கொள்ளும். டிரம்மின் அடிக்குழாயில் ஒரு வாளி நிற்க இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் இந்த உயரத்தின் வேலை. மாடியில் வைப்பதாக இருந்தால் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ உத்தரமோ தாங்கும் இடத்துக்கு மேல் வையுங்கள். நிழலான இடம் கிடைத்தால் மிக நல்லது, ஏன் என்று பின்னால் வருகிறது.

2. டிரம்மில் துளைகள்

அடியிலிருந்து 8 செ.மீ. உயரத்தில் பக்கத்துக்கொன்றாக இரண்டு துளைகள்: ஒன்று பம்புக்கு, ஒன்று வாளி பிடிக்க. ஒட்ட அடியில் போட வேண்டாம். கூரையிலிருந்து வரும் நுண்மண் அடியில் படியும், அந்த 8 செ.மீ. அதற்கான இடம். மேலே விளிம்புக்கு 8 செ.மீ. கீழே மூன்றாவது துளை, நிறைந்தால் வழிந்து போக.

டேங்க் நிப்பிளை உள்ளிருந்து வெளியே நீட்ட வேண்டும். டிரம்மோ ஆளின் கைக்கு எட்டாத ஆழம். இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. மெல்லிய கம்பி ஒன்றைத் துளை வழியாக உள்ளே விட்டு, மேல் வாய் வழியாக வெளியே எடுங்கள். நிப்பிளின் விளிம்பில் ரப்பர் வாஷரைப் போட்டு, நிப்பிளுக்குள் கம்பியைக் கோத்து, முனையில் ஒரு பெரிய முடிச்சோ குறுக்குக் குச்சியோ கட்டுங்கள். இப்போது வெளியே இருக்கும் கம்பியை மெல்ல இழுத்தால் நிப்பிள் வழுக்கிக்கொண்டே வந்து துளையில் தலையை நீட்டும். இழுத்துப் பிடித்தபடியே வெளியே நட்டை நாலைந்து சுற்று ஏற்றுங்கள். அதற்கு மேல் நிப்பிளும் கூடவே சுற்ற ஆரம்பிக்கும். கம்பியை உள்பக்கமாகத் தள்ளி எடுத்துவிட்டு, நிப்பிளின் வாயில் ஒரு மரக்குச்சியை இறுக்கமாகச் செருகி அதை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை முறுக்குங்கள். ரப்பர் லேசாக அமுங்கித் தெரிந்தால் போதும். இன்னும் முறுக்கினால் ரப்பர் பிதுங்கி, கசிவு அங்கேயே தொடங்கும்.

துளையின் விளிம்பில் பிசிறு இருந்தாலும் கசியும். வாஷர் உட்காரும் இடத்தை முதலிலேயே உப்புத்தாளால் தேய்த்து வழுவழுப்பாக்கிவிடுங்கள்.

3. மழைநீரை உள்ளே விடுவது

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 10 சதுர மீட்டர் கூரையில் 25 மி.மீ. மழை பெய்தால், தெறித்தும் நனைந்தும் போவதைக் கழித்தாலும் டிரம் நிறையும். பெரிய கூரையெல்லாம் தேவையில்லை.

மழையின் முதல் தண்ணீரில்தான் தூசி, பறவை எச்சம், சருகு எல்லாம் வரும். அதை டிரம்முக்குள் விடக் கூடாது. கூரைக் குழாய் டிரம்முக்குத் திரும்பும் இடத்தில் ஒரு டீ போட்டு, கீழே ஒரு மீட்டர் நீளத்துக்கு 110 மி.மீ. குழாயைத் தொங்கவிட்டு, அடியைக் கழற்றக்கூடிய மூடியால் அடையுங்கள். இந்தத் தொங்கும் குழாய் எட்டு, ஒன்பது லிட்டர் பிடிக்கும். முதல் அழுக்குத் தண்ணீர் அதில் நிறைந்த பிறகுதான் சுத்தமான தண்ணீர் டிரம்முக்குத் திரும்பும். சதுர மீட்டருக்கு ஒரு லிட்டரை ஒதுக்கினால் நல்லது, எனவே 10 சதுர மீட்டர் கூரைக்கு இந்த ஒரு மீட்டர் குழாய் ஏறக்குறைய சரியாக இருக்கும். அடி மூடியில் 2 மி.மீ. துளை ஒன்று போட்டுவிட்டால் மழை நின்றதும் சொட்டிச் சொட்டித் தானாகக் காலியாகும்.

டிரம்முக்குள் நுழையும் வாயிலும் வழியும் வாயிலும் கொசுவலை கட்டியே ஆக வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இப்படித் தேங்கிய தெளிந்த தண்ணீர்தான் பிடித்த இடம். வெப்பமான காலத்தில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதன் முட்டைகள் டிரம்மின் உள்சுவரில் ஒட்டி, தண்ணீர் வற்றிய பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். மூடி சரியாக உட்காராத டிரம் என்றால், மூடிக்கு அடியிலும் வலையை விரித்து அதன் மேல் மூடியை அழுத்துங்கள்.

மழை இல்லாத மாதங்களில் குழாய்த் தண்ணீரால் நிரப்ப வேண்டியிருக்கும். அப்போது ஹோஸின் முனை டிரம் தண்ணீருக்குள் மூழ்கவே கூடாது. வழியும் வாய்க்கு மேலே குறைந்தது 5 செ.மீ. இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். குடிநீர்க் குழாயில் திடீரென்று அழுத்தம் விழுந்தால் மூழ்கிய ஹோஸ் டிரம் தண்ணீரை உறிஞ்சி வீட்டுக் குழாய்க்கே கொண்டுபோய்விடும். அந்த 5 செ.மீ. காற்று இடைவெளியை விட நம்பகமான தடுப்பு வேறு இல்லை.

4. பம்பை மாட்டுவது

டிரம் வால்வு, வடிகட்டி, பம்ப் என்ற வரிசையை மாற்ற வேண்டாம். வடிகட்டி பம்புக்கு முன்னால்தான் வர வேண்டும். ஒரு மணல் துணுக்கு டயாஃப்ரம் வால்வில் சிக்கிக்கொண்டால் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணீர் வராது.

பம்பை டிரம்மின் அடிமட்டத்துக்கு அருகில், ஆனால் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், மழை படாத ஒரு சின்னப் பெட்டிக்குள் வையுங்கள். நிமிர்த்தி மாட்டுவதாக இருந்தால் தண்ணீர் போகும் தலைப்பகுதி கீழேயும் மோட்டார் மேலேயும் இருக்கட்டும். என்றைக்காவது தலை கசிந்தால் மோட்டாருக்குள் தண்ணீர் இறங்காது. காலடியில் ரப்பர் துண்டு வைத்தால் அதிர்வும் சத்தமும் குறையும். உறிஞ்சும் பக்கத்துக் குழாய் பம்பின் வாயை விடக் குறுகலாக இருக்கக் கூடாது. மெல்லிய பச்சைக் குழாயை அங்கே போட்டால் உறிஞ்சும்போது சப்பி ஒட்டிக்கொள்ளும். நூல் பின்னியதையே போடுங்கள்.

அப்புறம் மின்சாரம். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கப்போகிறோம், அதனால்தான் 12 வோல்ட். வீட்டு மின்சாரத்தில் ஓடும் பம்பை நீட்டிப்பு ஒயர் போட்டு இழுத்துக்கொண்டு வருவதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ஒரு கை நீளத்துக்குள் ஃபியூஸ், அடுத்து சுவிட்ச், அதன் பின் பம்ப். ஒயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் பேட்டரி அந்த ஒயரைத் தீயாக்கிவிடும், ஃபியூஸ் இருப்பது அதற்காக. ஒயரின் தடிமனிலும் கஞ்சம் வேண்டாம். 5 மீட்டர் தூரத்துக்கு 0.75 சதுர மி.மீ. ஒயரில் 5 ஆம்பியர் ஓடினால் 1.2 வோல்ட் வழியிலேயே போய்விடும். 2.5 சதுர மி.மீ. ஒயரில் இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு.

7 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதிவரை மட்டுமே பயன்படுத்துவது அதன் ஆயுளுக்கு நல்லது. 4 ஆம்பியர் இழுக்கும் பம்புக்கு அது முக்கால் மணி நேரத்தைக் கொஞ்சம் நெருங்கும். நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் 40 நிமிடத்தில் 200 லிட்டர். டிரம்மும் பேட்டரியும் ஏறக்குறைய ஒன்றாகத் தீரும்.

5. கழுவும் குழாய்

கைப்பிடிக்கு 120 செ.மீ., குறுக்குக் குழாயின் இரண்டு கைகளுக்குத் தலா 18 செ.மீ. என்று வெட்டுங்கள். மீதியில் வெட்டுப்பிழைக்கும் இடம் உண்டு. எதையும் இப்போது ஒட்டாதீர்கள். டீயில் செருகி, இரண்டு முனையிலும் கேப் போட்டு, மேலே ஒரு வால்வும் ஹோஸ் நிப்பிளும் வைத்து, பசையில்லாமலே பொருத்துங்கள்.

துளை எந்தப் பக்கம் என்பது நீங்கள் நிற்கும் விதத்தைப் பொறுத்தது. குழாயை வழக்கமாக எப்படிப் பிடிப்பீர்களோ அப்படியே பிடித்து, குறுக்குக் குழாயைத் தரையிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் நிறுத்துங்கள். இன்னொருவர் குனிந்து, தரைக்கு 45 டிகிரி சாய்வில் உங்கள் முன்பக்கத்தைப் பார்க்கும் இடத்தில் குழாய் நெடுக ஒரு கோடு போடட்டும். நேர் கீழே பார்த்தால் சேறு உங்கள் காலிலேயே தெறிக்கும், ரொம்ப மேலே பார்த்தால் தண்ணீர் தரையில் வழுக்கிக்கொண்டு போகும். உயரமான ஆளுக்கும் குள்ளமான ஆளுக்கும் இந்தக் கோடு வேறு வேறு இடத்தில் விழும் என்பதால் அளவுத்தாளைப் பார்த்துத் துளைக்க முடியாது.

டீயின் நடுவயிற்றில் ஒரு துளை. அங்கிருந்து இரண்டு பக்கமும் 5 செ.மீ., 10 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று. இப்போதைக்கு இந்த ஐந்தோடு நிறுத்துங்கள். பிட்டை மெதுவான வேகத்தில், அழுத்தாமல் விடுங்கள். வேகமாகச் சுற்றினால் பி.வி.சி. உருகி, துளையின் உள்பக்கம் ஒரு சின்ன வளையமாகப் பிதுங்கி நிற்கும். அந்த வளையம் இருந்தால் தண்ணீர் நேராகப் பாயாமல் சிதறும். ஒரு நீளக் கம்பியில் உப்புத்தாளைச் சுற்றி உள்ளே விட்டுத் தேய்த்து எடுத்து, சில்லுகளை ஊதித் தள்ளுங்கள். ஒட்டுவதற்கு முன் மூட்டுகளைத் துடைத்து, பென்சில் கோடுகள் மறுபடி நேராகச் சேரும்படி பசை போட்டுத் திருகிச் சேருங்கள். பி.வி.சி. பசை வினாடிகளில் பிடித்துவிடும், திருத்த அவகாசம் கிடைக்காது. ஒரு முனைக் கேப்பை மட்டும் பசைக்குப் பதில் மரையுள்ளதாகப் போட்டால் பின்னால் உள்ளே கழுவ வசதி. ஒருநாள் காயவிட்டுத்தான் அழுத்தம் கொடுக்க வேண்டும்.

காய்ந்ததும் ஓட்டிப் பாருங்கள். ஐந்து துளையில் பம்ப் நின்று நின்று ஓடினால், அதாவது டக் டக்கென்று பிரஷர் சுவிட்ச் அடித்துக்கொண்டே இருந்தால், பம்ப் தருவதை விடத் துளைகள் குறைவாக எடுக்கின்றன என்று பொருள். அப்படியே விட்டால் சுவிட்சின் முனைகள் கருகும். 15 செ.மீ. தள்ளி இன்னும் இரண்டு துளை போடுங்கள். சத்தம் ஒரே சீராக மாறும் இடம்தான் உங்கள் பம்புக்கான எண்ணிக்கை. ஒருவருக்கு ஏழு, இன்னொருவருக்கு ஐந்தாகவே நிற்கலாம்.

உருண்டைத் துளையிலிருந்து வரும் தண்ணீர் சீப்பால் வாரியது போலக் கோடு கோடாகத்தான் சுத்தம் செய்யும். குழாயைத் தள்ளும்போது இடமும் வலமும் ஒரு கை அகலம் ஆட்டினால் கோடு மறையும். அதுவும் வேண்டாம் என்றால், துளைக்குப் பதிலாக மருந்து தெளிப்பான்களில் வரும் தட்டை விசிறி நாசிலை மாட்டலாம். அவற்றில் நிறத்துக்கு ஒரு கணக்கு உண்டு. 02 என்று போட்ட மஞ்சள் நாசில் 3 பாரில் நிமிடத்துக்கு 0.8 லிட்டர் விடும், எனவே ஆறு போதும். மருந்து அடித்த பழைய நாசிலை எடுத்துப் போடாதீர்கள்.

6. கழுவும் முறை

முதலில் தரை காய்ந்திருக்கும்போதே நன்றாகப் பெருக்கிவிடுங்கள். சருகையும் மணலையும் தண்ணீரால் தள்ள நினைத்தால் டிரம்மில் பாதி அதற்கே போய்விடும். மண் ஒட்டிய இடங்களை லேசாக நனைத்துப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். ஊறிய மண்ணுக்கு வேகம் பாதி போதும்.

தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்து, மேட்டிலிருந்து வடிகாலை நோக்கி இறங்குங்கள். வெளித்தரைக்கு மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. வரை சரிவு இருப்பது வழக்கம். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினால் அதுவே காட்டிவிடும். ஒரு மீட்டர் அகலப் பட்டையாக எடுத்து, ஒவ்வொரு பட்டையையும் கடைசிவரை முடித்துவிட்டு அடுத்ததற்கு வாருங்கள். திரும்பும்போதெல்லாம் கைப்பிடி வால்வை மூடுங்கள். மூடியதும் பம்ப் தானாக நிற்கும். இந்த வால்வினால் மிச்சமாகும் தண்ணீர் கொஞ்சநஞ்சமல்ல.

பாசிக்கு இந்த 3 பார் போதாது, அதை ஒளிக்க வேண்டியதில்லை. காய்ந்த பாசியை முரட்டு நார் பிரஷ்ஷால் சுரண்டிப் பெருக்கி எடுத்துவிட்டு, மிச்சத்தை நனைத்துத் தேய்த்து, அப்புறம் கழுவுவதுதான் வழி. ஈரத்தோடு சுரண்டினால் வழவழவென்று பரவும், வழுக்கி விழவும் நேரும். அமிலம் ஊற்றினால் பளிச்சென்று ஆகும், உண்மைதான். ஆனால் சிமெண்டும் பளிங்கும் சுண்ணாம்புக்கல்லும் அமிலத்தில் கரைபவை. மேல்தோல் போய்ச் சொரசொரப்பாகும், அடுத்த பருவத்தில் பாசி அந்தக் குழிகளில் இரட்டிப்பாகப் பிடிக்கும். பிளீச்சிங் பயன்படுத்துபவர்கள் அதை அமிலத்தோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா உள்ள கிளீனரோடும் சேர்க்கக் கூடாது. எந்த மருந்தையும் டிரம்முக்குள்ளோ பம்ப் வழியாகவோ விட வேண்டாம். தரையில் தனியாகத் தேய்த்துவிட்டு, வெறும் தண்ணீரால் கழுவுங்கள்.

சோப்பில்லாமல் கழுவிய தண்ணீர் மண்கலந்த தண்ணீர்தான், அதைச் செடிப் பாத்திக்குத் திருப்பலாம். வடிகாலுக்கு முன்னால் ஒரு சின்னக் குழி தோண்டி, அடியில் ஜல்லி போட்டுவிட்டால் மணல் அங்கேயே படிந்து தெளிந்த தண்ணீர் போகும். மாதத்துக்கு ஒருமுறை அந்த மணலை அள்ளினால் வடிகால் அடைக்காது.

7. பராமரிப்பு

டிரம்மை நிழலில் வைக்கச் சொன்னதற்குக் காரணம் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா. வெதுவெதுப்பாக, ஏறக்குறைய 20 முதல் 45 டிகிரி வரை, தேங்கிய தண்ணீரில் அது பெருகும். அந்தத் தண்ணீரைக் குடித்தால் வருவதை விட, நுண்ணிய சாரலாக மூச்சில் இழுத்தால் வரும் நிமோனியாதான் அதில் ஆபத்து. ஆகவே டிரம் வெயிலில் காயக் கூடாது, தண்ணீர் வாரக்கணக்கில் சும்மா கிடக்கவும் கூடாது. பனி போலச் சாரல் அடிக்கும் நாசில்களையும் தவிர்த்துவிடுங்கள். தரைக்கு 5 செ.மீ. உயரத்தில் தடித்த தாரையாகப் பாய்ச்சும் இந்தக் குழாய் அந்த வகையிலும் நல்லது. நெடுநாள் தேங்கிய தண்ணீர் நாற்றமடித்தால் அதைப் பீய்ச்சாமல், அடி வால்வைத் திறந்து பாத்தியில் விட்டுவிட்டு டிரம்மைத் தேய்த்துக் கழுவுங்கள்.

ஒவ்வொரு தடவையும் வேலை முடிந்ததும் டிரம் வால்வை மூடி, கைப்பிடி வால்வைத் திறந்து, பம்பை சில வினாடி ஓட்டி உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றுங்கள். வடிகட்டியைத் திறந்து அலசுங்கள், அரை நிமிட வேலை. உறைபனி விழும் இடமாக இருந்தால் பம்பையும் வடிகட்டியையும் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட வேண்டும், உள்ளே தங்கிய தண்ணீர் உறைந்தால் தலை வெடித்துவிடும்.

துளைகள் ஒவ்வொன்றாகக் கோணலாகப் பாய ஆரம்பித்தால் உப்புப் படிகிறது என்று அர்த்தம், குழாய்த் தண்ணீரால் நிரப்புகிறவர்களுக்கு இது சீக்கிரம் வரும். மரையுள்ள கேப்பைக் கழற்றி, குழாய்க்குள் வினிகரை ஊற்றி ஒரு இரவு ஊறவைத்து அலசினால் சரியாகிவிடும். ஊசியால் குத்தாதீர்கள், துளை அகலமாகிவிடும்.

பம்ப் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் உறிஞ்சும் பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலும் வடிகட்டியின் மூடி சரியாக முறுக்கப்படாமல் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். கண்ணாடி மூடிக்குள் குமிழிகள் ஓடுவது தெரிந்தால் அதுதான். பம்ப் மூடிய வால்விலும் நிற்காமல் அவ்வப்போது ஒரு துடிப்பு துடித்தால், எங்கோ ஒரு மூட்டு சொட்டுகிறது. காய்ந்த காகிதத்தை ஒவ்வொரு மூட்டிலும் ஒற்றிப் பாருங்கள், நனையும் இடத்தில் கிளாம்பை அரைச் சுற்று முறுக்குங்கள். வேகம் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தால் பேட்டரி. ஓடும்போதே முனைகளில் அளந்து 11.5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, அன்றே சார்ஜ் போட்டுவிடுங்கள். தீர்ந்த லெட்-ஆசிட் பேட்டரியை அப்படியே நாட்கணக்கில் விட்டால் தகடுகளில் சல்பேட் இறுகி, மறுபடி முழுதாக ஏறாது. பயன்படுத்தாத மாதங்களிலும் அதற்கு மாதம் ஒரு சார்ஜ் வேண்டும்.